சும்மா கிடந்த மூலை

எந்த வீட்டுக்குப் போனாலும் மதலைமுத்து முதலில் கொல்லைப்பக்கம்தான் போவார். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும், வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுவரோரமாக வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், இடுப்பில் கை வைத்து நின்று, வெயில் எங்கே விழுகிறது, எது வரைக்கும் வருகிறது என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் உள்ளே வந்து உட்காருவார். கல்யாணமான புதிதில் ஜோசஃபினுக்கு இது பெரிய வெட்கமாக இருந்தது. அவளுடைய தாய்மாமன் இறந்த அன்று, பிணம் கிடக்கிற வீட்டில் இவர் கொல்லையைத் தேடிப் போனதைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லையாடி?" என்று பெரியம்மா காதோடு கேட்டாள். ஜோசஃபின் ஆமாம் என்று தலையாட்டினாள். வேறு என்ன சொல்வது? அதற்கப்புறம் முப்பது வருஷமாக அதையே சொல்லிச் சமாளித்தாள். சொந்தக்காரர்கள் நடுவில் மதலைமுத்துவுக்கு நாள்பட்ட வயிற்றுக்கோளாறு என்று பேர் நிலைத்துவிட்டது. யார் வீட்டு விருந்திலும் அவருக்கு மட்டும் காரம் குறைத்துப் பரிமாறினார்கள். அவரும் எதற்கு இந்த மரியாதை என்று கேட்காமல் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அவர் தோட்டக்காரர். ரிச்மண்ட் டவுனில் ஒரு பங்களாவில் சின்ன வயசில் புல் பிடுங்கப் போனவர், அங்கேயே தலை நரைத்தார். துரைமார்கள் வந்தார்கள், போனார்கள். தோட்டம் இவர் கையில் இருந்தது. ரோஜாவும் முட்டைக்கோசும் அவர் வளர்த்தார். விளைந்ததெல்லாம் உள்ளே மேஜைக்குப் போயிற்று. அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் தனக்கென்று ஒரு செடியாவது வேண்டும் என்ற ஆசை மட்டும் உள்ளே கனன்றுகொண்டே இருந்தது.

அந்த ஆசையில்தான் ஆடுகோடியில் அந்த வீட்டை வாங்கினார். வீடு கையகலம், கொல்லை அதைப் போல மூன்று பங்கு. ஒருநாள் பங்களாவில் திராட்சைக் கொடியைக் கவாத்து செய்து எறிந்த குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஊன்றினார். நாலு கல் கம்பம் நட்டு மேலே கம்பி இழுத்தார். மூன்றாம் வருஷம் காய்த்தது. கறுப்பும் நீலமுமாக, மேலே சாம்பல் பூத்தாற்போல ஒரு கொத்து. மூத்த பையன் ராயப்பன் அதை வாயெல்லாம் மையாகத் தின்றான். சின்னவள் நோராவுக்கு அவன் தின்றது போகத் தோல்தான் கிடைத்தது. மதலைமுத்து ஒரு பழம்கூட வாயில் போடவில்லை. பந்தலுக்குக் கீழே நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராயப்பன், ஊரெல்லாம் காய்ச்சலில் விழுந்த வருஷம் போய்விட்டான். ஓசூர் ரோட்டுக் கல்லறையில் மண் மேடும் மரச்சிலுவையுமாக இருக்கிறான்.

அந்த வருஷம் மதலைமுத்து இன்னும் இரண்டு கல் கம்பம் நட்டுப் பந்தலை நீட்டினார். துக்கத்தில் செய்கிறார், செய்யட்டும் என்று ஜோசஃபின் நினைத்தாள். மறு வருஷமும் இரண்டு கல் வந்தது. அப்புறம் அது ஒரு வழக்கமாகிவிட்டது. கவாத்து முடிந்ததும் ஆனேக்கல் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் கல் வரும். "இதோட சரி, ஜோசி. இதுக்கு மேல எங்க இடம் இருக்குது?" என்பார். அடுத்த வருஷம் இடம் இருக்கும்.

பலன் இல்லாமல் இல்லை. அந்தப் பழம் விற்ற காசில்தான் கூரைக்கு மங்களூர் ஓடு போட்டார்கள். நோராவுக்குத் தங்க வயலில் நல்ல இடத்தில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்தார்கள். அதோடு ஆக வேண்டியது எல்லாம் ஆகிவிட்டது. இரண்டு பேர் சாப்பாட்டுக்குப் பங்களாச் சம்பளமே தாராளம். ஆனாலும் கல் வந்தது. அவர் கருமியும் இல்லை. பழுத்த காலத்தில் தெருவில் ஒரு வீடு விடாமல் கொத்துக் கொடுப்பார், சாமியார்களுக்குக் கூடையோடு அனுப்புவார். கொடுப்பதில் குறை கிடையாது. ஆகாசம் தெரிகிற இடம் ஒன்று கொல்லையில் மிச்சமிருந்தால் மட்டும் அவருக்குத் தாங்காது. சட்டையில் ஒரு பொத்தான் போடாமல் விட்டதைப் போல அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பந்தல் பெருகப் பெருக ஜோசஃபினுடைய சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. முதலில் கோழிக்கூண்டு போயிற்று. பிறகு துணிக்கொடி வாசல் பக்கம் போயிற்று; தெருவில் போகிறவர்கள் எல்லாம் அவள் உள்பாவாடையைப் பார்க்கிறார்களே என்று கூசி, மேலே ஒரு போர்வையைப் போட்டு மறைத்துக் காயவைத்தாள். மிளகாய் காயப்போடப் பக்கத்து வீட்டு ரெமிஜியஸின் முற்றத்துக்குப் போனாள். ரெமிஜியஸ் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பாண்டில் கிளாரினெட் வாசிக்கிறவன். மனைவியை இழந்தவன், வாய் மட்டும் ஓயாது.

"அண்ணே, ஆகாசத்தை எங்களுக்கும் கொஞ்சம் விட்டு வைங்க. செத்தா ஆத்துமா மேல போறதுக்கு வழி வேணும்ல" என்பான் மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு.

"உன் ஆத்துமா மேலதான் போகும்னு யாருடா சொன்னது?" என்பார் மதலைமுத்து, கம்பியை முறுக்கிக்கொண்டே.

"அதுவும் சரிதான். கீழ போறதுக்குக் கல்லு நடாத இடமா ஒண்ணு காட்டுங்க."

ஜோசஃபின் அடுக்களைக்குள் நின்று சிரித்துக்கொள்வாள். வெளியே வந்து சிரிக்க மாட்டாள்.

அவளுக்கென்று கடைசியாக மிஞ்சியது கிணற்றுக்கும் அடுக்களைச் சுவருக்கும் நடுவில் ஒரு மூலை. ஒரு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான். காலை வெயில் அங்கே நேராக விழும். அவர் வேலைக்குப் போனதும் ஒரு பலகையைப் போட்டு, உள்ளங்கை இரண்டையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு அங்கே உட்காருவாள். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண்ணுக்குக் கன்னியாஸ்திரிகள் மடத்தில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. பீடத்துணிக்கு, சாமியார் அங்கிக்கு, ஞானஸ்நானச் சட்டைக்கு என்று பின்னிக் கொடுத்திருக்கிறாள். ஐம்பது வயசை நெருங்கும்போது விரல் கணுக்கள் வீங்க ஆரம்பித்தன. குளிர் தொடங்கிவிட்டால் காலையில் விரல்கள் விறகுக் குச்சிபோல நிற்கும், மடங்காது. வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் ஒவ்வொன்றாக இளகும். சுண்டுவிரல் கடைசியாக வரும். அது வந்த பிறகு கொக்கி ஊசியை எடுப்பாள்.

அப்படி ஒரு வருஷம் மழைக்கு முன் கவாத்து முடிந்து கல் வண்டி வந்து நின்றது. மதலைமுத்து கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிணற்றடிக்கு வந்தார். ஜோசஃபின் பலகையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நூல் உருண்டை.

"இந்த மூலை சும்மாதானே கெடக்குது, ஜோசி?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளுக்கு மேலே, சுவர் முடிகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கல்லு போட்டா கெணறு வரைக்கும் ஒரே பந்தலா கொண்டாந்துடலாம்."

"உங்க இஷ்டம்" என்றாள்.

கொஞ்சம் கீழே பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். பார்ப்பார் என்று அவள் காத்திருந்தாள். சொல்லியும் இருக்கலாம். ஆனால் கேட்டு வாங்குகிற வழக்கம் அவளிடம் சின்ன வயசிலிருந்தே இல்லை. இரண்டாம் முறை சோறு வேண்டுமென்றால்கூட, யாராவது போடட்டும் என்று இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள். அவர் கல்லைக் கொண்டுவரப் போனார். அவள் பலகையை எடுத்துச் சுவரில் சாத்தினாள்.

செப்டம்பரில் மாதா திருநாளுக்கு நோரா தங்க வயலிலிருந்து வந்தாள். அவளுடைய மூத்த பெண் மௌரீனுக்கு ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளன்று புது நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள்.

"முக்காடு கடையிலயே கிடைக்குது, அம்மா. நல்லாவே இருக்குது. ஆனா அவ பாட்டி கையால பின்னுன முக்காடுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. உன்னால முடியுமா?"

"முடியும்" என்றாள் ஜோசஃபின். அப்போது குளிர் தொடங்கவில்லை.

அக்டோபரில் தொடங்கியது. கொடி அதற்குள் கிணற்றடியை மூடிவிட்டிருந்தது. இலைமேல் இலை, நடுவில் பிஞ்சும் காயுமாகக் கொத்துகள். நடுப்பகலிலும் கொல்லையில் பச்சையாக ஓர் இருட்டு. ஜோசஃபின் அடுப்பில் கையைக் காட்டிப் பார்த்தாள். தோல் சுட்டது, கணு இளகவில்லை. வெந்நீரில் வைத்துப் பார்த்தாள். ஆறியதும் முன்னைவிட மோசமாயிற்று. வாசலில் உட்காரலாம் என்றால் அது வடக்குப் பார்த்தது, வெயிலே இல்லை. ரெமிஜியஸின் முற்றம் இருந்தது. மிளகாய் காயப்போடுவது வேறு, மனைவி இல்லாத ஆண் வீட்டு முற்றத்தில் காலைப்பொழுதெல்லாம் போய் உட்கார்ந்திருப்பது வேறு. முக்காட்டில் ஒரு கரைகூட முடியவில்லை. ஊசி கை நழுவி விழும்போதெல்லாம், முடியும் என்று ஏன் சொன்னோம் என்றிருந்தது.

கல்லறைத் திருநாள் நெருங்கியதால் ராயப்பன் மேட்டில் புல் செதுக்கப் போனாள். திரும்பும்போது பார்த்தாள்: கல்லறை வாசலுக்கு வெளியே மதில் கிழக்குப் பார்த்து நின்றது. சுண்ணாம்புச் சுவர் முழுக்க வெயில். ஒரு நிமிஷம் சாய்ந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சுண்டுவிரல் வந்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் அவர் கிளம்பியதும் நூலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஓசூர் ரோட்டில் நடந்துபோய் அங்கே உட்கார்ந்தாள். வண்டிக்காரர்கள் போனார்கள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. முக்காடு வளர்ந்தது.

கல்லறைத் திருநாளன்று அவரோடு சாயங்காலம்தான் போவது வழக்கம். பங்களாவில் விருந்தாட்கள் வருகிறார்கள், பொழுது சாயும் என்று அவர் சொல்லியிருந்தார். ஜோசஃபின் எப்போதும்போலக் காலையிலேயே போய்விட்டாள். போன பிறகுதான் கூட்டத்தைப் பார்த்தாள். மெழுகுவத்தி விற்கிறவர்களும் சாமந்திக் கூடைகளுமாக வாசல் அடைத்துக் கிடந்தது. மதிலோரம் பிச்சைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இறந்தவர்கள் பேரைச் சொல்லி அவர்களுக்குப் பன்னும் பழமும் கொடுத்து வேண்டிக்கொள்ளச் சொல்வது அங்கே வழக்கம். அவள் வரிசையின் கடைசியில், கொஞ்சம் தள்ளி, தன் இடத்தில் உட்கார்ந்தாள். கூட்டத்தில் லேஸை எடுக்கக் கூசியது. பையை மூடி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை நெற்றிவரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு, கைகளை மட்டும் மடியில் மலர்த்தி வைத்துக் கண்ணை மூடினாள்.

உள்ளங்கையில் ஏதோ மெத்தென்று வந்து விழுந்தது.

"ராயப்பன் பேருக்கு. வேண்டிக்கம்மா."

குரல் தெரிந்தது. தலையை நிமிர்த்தாமல் பார்த்தாள். மண் படிந்த நகம், கத்தி பட்ட தழும்போடு கட்டைவிரல். முப்பது வருஷம் அவள் சோறு போட்ட கை. அவர் பன் கூடையைத் தோளில் மாற்றிக்கொண்டு கல்லறைக்குள் போய்விட்டார். விருந்தாட்கள் வரவில்லைபோலும், சீக்கிரம் விட்டுவிட்டார்கள்.

கூப்பிட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை. பிச்சை என்று நினைத்தால் அழுகை வரவில்லை. மகன் பேரைச் சொன்னாரே, அதற்குத்தான் வந்தது. பெற்றவளிடமே சொல்லிவிட்டுப் போகிறார். சொன்னபடியே வேண்டிக்கொண்டாள். மாதாவை நினைத்து முழுசாக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி முடித்துவிட்டு, பன்னைப் பையில் போட்டுக்கொண்டு, குறுக்கு வழியாக வீட்டுக்கு நடந்தாள்.

சாயங்காலம் அவர் காபி கேட்டார். தம்ளரோடு ஒரு தட்டும் வைத்தாள்.

"இன்னாது இது?"

"பன்னு."

"அது தெரியுது. எல்லாத்தையும் குடுத்துட்டனே, மிச்சம் ஏது?"

"இது நீங்க குடுத்ததுதான்."

"யாருக்கு?"

"எனக்கு."

அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ராயப்பன் பேருக்கு வேண்டிக்கச் சொன்னீங்க. வேண்டிக்கிட்டேன்" என்றாள்.

மதலைமுத்து பன்னை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். காபியில் ஆடை படிந்தது.

"அந்த ஜனத்தோட எதுக்குப் போயி உக்காந்தே?"

"அங்க வெயில் இருக்குதுங்க. கை மடங்க மாட்டேங்குது. பாப்பாவுக்கு முக்காடு பின்னணும்."

"நம்ம வீட்ல..." என்று தொடங்கினார். எழுந்து அடுக்களை வாசலுக்குப் போய் நின்றார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது; பந்தலுக்குக் கீழே இல்லை.

"எங்க உக்காருவ நீ?"

"கெணத்தாண்ட."

"சொல்லியிருக்கலாம்ல, ஜோசி."

"சொல்லியிருக்கலாம்" என்று ஒத்துக்கொண்டாள். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. அதனாலேயே அவருக்கு அது கூடுதலாக வலித்திருக்க வேண்டும். பன்னை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை அவளிடம் நீட்டினார். இரண்டு பேரும் நின்றபடியே தின்றார்கள்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. விடிந்ததும் ஏணியும் கவாத்துக் கத்தியுமாகக் கிணற்றடிக்குப் போனார். அந்த மூலையில்தான் அந்த வருஷம் கொத்து அதிகம். புதுக்கொடி, நிறம் மாற ஆரம்பித்திருந்தது. இன்னும் இரண்டு வாரம் விட்டால் பழம். அவர் ஏணியில் ஏறி, கொத்து இல்லாத கிளையாகத் தேடித் தேடி ஒதுக்கிக் கட்டினார். சல்லடையில் வடிகிறாற்போலக் கொஞ்சம் வெயில் கீழே இறங்கியது.

"ஜோசி, வந்து உக்காரு பாக்கலாம்."

அவள் பலகையைப் போட்டு உட்கார்ந்து கைகளை மலர்த்தினாள். ஒரு கையில் வெயில், ஒரு கையில் இலை நிழல்.

"போதுமா?"

போதும் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவர் இந்த முறை ஏணிமேலிருந்து கீழே, அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.

அவர் ஒரு கிளையை வெட்டினார். கொத்தோடு விழுந்தது. இரண்டு கையிலும் வெயில் வந்தது.

"இப்ப?"

"தோள்லயும் பட்டா நல்லா இருக்கும்."

இன்னொரு கிளை விழுந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ரெமிஜியஸ் வாயில் வேப்பங்குச்சியோடு நின்றிருந்தான். "அண்ணி, விடாதீங்க. இன்னிக்கு இன்னா கேட்டாலும் கெடைக்கும் போல இருக்குது" என்றான்.

"உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போடா" என்றார் மதலைமுத்து.

ஜோசஃபினுக்கு உள்ளுக்குள் வேடிக்கையாக இருந்தது. ஒன்று கேட்டதும் அடுத்ததைக் கேட்கத் தோன்றுகிறது. கிடைக்கக் கிடைக்கக் கேட்கத் தோன்றுகிறது. இப்படித்தான் இருந்திருக்கும் இவருக்கும், ஒவ்வொரு கல் வரும்போதும் என்று நினைத்தாள். துணிக்கொடியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லலாமா, கோழிக்கூண்டைச் சொல்லலாமா என்றுகூட மனசு ஓடியது. ஏணிமேல் நிற்கிறவரைப் பார்த்தாள். ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் முகம் சுளித்துக்கொண்டிருந்தது, நகத்தோடு சதையையும் சேர்த்து வெட்டிக்கொள்கிறவர்போல.

"போதுங்க. இறங்கி வாங்க" என்றாள்.

வெட்டிப் போட்ட காயை அவள் உப்பும் மிளகாயும் போட்டு ஊறுகாய் ஆக்கினாள். வாயில் வைக்க முடியாத புளிப்பு. அவர் தினமும் கேட்டு வாங்கித் தொட்டுக்கொண்டார்.

முக்காடு முடிந்தது. ஒரு கரையில் பூ கொஞ்சம் இறுகிப்போயிருந்தது. தெரிந்து பார்த்தால்தான் தெரியும். மௌரீன் அதைப் போட்டுக்கொண்டு புது நன்மை வாங்கினாள். சாப்பாட்டுக்கும் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்துச் சாம்பாரில் நனைத்தாள்.

மதலைமுத்து அதோடு திருந்திவிட்டார் என்று சொல்ல முடியாது. மறு வருஷம் கல் வண்டி வரவில்லை. ஆனால் கொடியின் ஒரு கையைக் கூரைமேல் ஏற்றிவிட்டார். மழையில் ஓடு பெயர்ந்து அடுக்களைக்குள் ஒழுகியது. ஜோசஃபின் பாத்திரம் வைத்துப் பிடித்தாள். பிறகு ஒருநாள், யாரும் கேட்காமலே, அவள் வாய் திறந்து, "கூரையை விட்டுடுங்க" என்றாள். அவர் விட்டுவிட்டார்.

இப்போது அவர் பங்களா வேலையிலிருந்து நின்றுவிட்டார். ஜோசஃபினால் லேஸ் பின்ன முடிவதில்லை. வெயிலுக்கும் விரல்கள் இளகுவதில்லை. கிணற்றடியில் நட்ட இரண்டு கல்லும் பந்தல் இல்லாமல் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில் கயிறு கட்டித் துணி காயப்போடுகிறார்கள். சேலையைப் பிழிந்து உதறிப் போடுவது மதலைமுத்து. கொல்லையில் மீதி இடம் முழுவதும் திராட்சைதான்.